2025–26 ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பித்தது

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு நம் லினக்ஸ் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டம் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தது. பொங்கல் நோம்பி மாதத்தில் மட்டும் கூடவில்லை. செப்டம்பரில் மென்பொருள் சுதந்திர நாளை ஒரு அரசுப் பள்ளியில் நடத்தினோம். பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுத் தரும் முகாம் பல்லடத்தில் நடந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, பேக்கேஜ், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள், நிறுவலுக்கு நாம் வகுத்த பொதுக் கொள்கை. முடிவெடுத்த கூட்டங்களுக்கு வராதவர்களும் இப்போது அதைப் பற்றிக் கேட்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உறுப்பினர்கள் பனியன் கம்பெனிகளிலும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் கணினி பராமரிக்கிறார்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர் போய்ப் பார்க்கிறார். சென்ற ஆண்டு அப்படி ஒரு கம்பெனிக்குப் போனவர், கட்டடத்தில் வைஃபை பிடிக்கிற யாரும் தொடும்படி டேட்டாபேஸ் திறந்து கிடந்ததைப் பார்த்தார். நிறுவியவர் ஃபெடோராவில் பழகியவர். அங்கே இருந்தது டெபியன். இரண்டும் லினக்ஸின் வெவ்வேறு வகைகள். ஃபெடோராவில் ஒரு சர்வர் பேக்கேஜை நிறுவினால், தானாக ஓடலாம் என்று முன்பே குறித்த பிரீசெட் பட்டியலில் இருந்தால் ஒழிய அது தானாக ஓடாது. டெபியனில் நிறுவிய கையோடு ஓட ஆரம்பித்துவிடும். நிறுவியவன் ஓடவிடத்தானே நிறுவுகிறான் என்பது டெபியன் பக்கத்து நியாயம். நிர்வாகி சொல்லாமல் எதுவும் ஓடக்கூடாது என்பது ஃபெடோரா பக்கத்து நியாயம். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே சங்கத்து ஆட்கள் ஆளுக்கொரு அனுமானத்தோடு ஒரே கணினியைத் தொடுவது ஆபத்து. ஒரே ஆர்டரை நான்கு யூனிட்டில் தைத்தாலும் மெஷர்மென்ட் ஷீட் ஒன்றுதானே?

இது வீண் பயம் என்று சொன்னவர்களுக்கு 2017 ஜனவரியை நினைவூட்டினேன். உலகம் முழுவதும் மாங்கோடிபி என்ற மென்பொருளில் ஓடிய ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டுக் குறிப்பு வைத்தார்கள். கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்தவைதான் சிக்கின. 2.6 பதிப்பிலிருந்தே அதன் டெப் (டெபியன் வகை), ஆர்பிஎம் (ஃபெடோரா வகை) பேக்கேஜ்கள் அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. பேக்கேஜாக இல்லாமல் சுருக்கிய கோப்பாக இறக்கித் தாங்களே பிரித்துப் போட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, 3.6 பதிப்பில்தான் எல்லோருக்கும் அது தானாகவே அமையும் இயல்பிருப்பானது. மென்பொருள் ஒன்றுதான், நிறுவிய வழியைப் பொறுத்து நடத்தை வேறு. நாம் சரிசெய்ய நினைத்ததும் இதைத்தான்.

கொள்கையின் முதல் விதி, நிறுவும்போது எந்தச் சர்வீசும் (பின்னணியில் ஓடும் நிரலும்) தானாக ஓடக்கூடாது, ஓடவிட்டாலும் முதலில் அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் இணைப்பை ஏற்க வேண்டும் என்பது. டெபியனில் இதற்குப் பாலிசி-ஆர்சி-டி என்ற சிறு நிரல் 101 என்ற எண்ணைத் திருப்பித் தந்தால் சர்வீஸ் எழாது. அது மட்டும் போதாது. நிறுவும்போது தடுத்தாலும் கணினியை மறுபடி தொடங்கும்போது சர்வீஸ் எழுந்துவிடும். ஆகவே தனியாக முடக்கவும் வேண்டும். ஆவணத்தில் இந்தப் பகுதியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள்.

அதிகம் விவாதித்தது பரிந்துரைப் பேக்கேஜ்களைப் பற்றி. 2009-இல் வந்த டெபியன் லென்னியிலிருந்து, ஒரு பேக்கேஜ் பரிந்துரைக்கும் மற்றவற்றையும் அதன் நிறுவல் கருவியான ஆப்ட் சேர்த்தே நிறுவுகிறது. எல்லா இடத்திலும் அதை நிறுத்திவிட வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் பிடிவாதமாக இருந்தார்கள். சர்வருக்கு அது சரி, தேவையில்லாதது ஏறாது. பள்ளிக்கூடத்து மேசைக் கணினியில் நிறுத்தினால் அச்சுப்பொறிக்கு வேண்டியதும் எழுத்துருவும் விடுபட்டு, டீச்சர் நமக்குத்தான் போன் போடுவார். ஆகவே சர்வரில் நிறுத்தம், மேசைக் கணினியில் அப்படியே. இது நான் முன்வைத்த யோசனை, கூட்டம் ஏற்றுக்கொண்டது.

பேக்கேஜ் புதுப்பிக்கும்போது நாம் திருத்திய அமைப்புக் கோப்பை மாற்றலாமா என்று டெபியன் கேட்டால், பழையதையே வைத்திருக்க வேண்டும். ஆர்பிஎம் பக்கம் புதியதை ஆர்பிஎம்நியூ என்று தனியாக எழுதி வைத்திருந்தால், ஒப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அப்புறம் பைத்தான் என்ற நிரல்மொழி. டெபியன் 12 வந்த 2023-லிருந்து, சிஸ்டம் முழுமைக்குமாக அதன் நிறுவல் கருவியான பிப் கொண்டு நிறுவ முயன்றால் அது மறுக்கிறது. அந்த மறுப்பைத் தாண்டும் தேர்வின் பெயரிலேயே சிஸ்டத்தை உடைப்பேன் என்று எழுதியிருக்கிறது. அதையும் தட்டி நிறுவிவிட்டு வருகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது, சிஸ்டத்தைத் தொடாமல் பைத்தானுக்கு மட்டும் தனிச் சூழல் உருவாக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். உங்களுக்குப் பின் அந்தக் கணினியைத் தொடப்போகிறவரும் நம் உறுப்பினர்தான்.

இவை அனைத்தையும் டெப் ஒன்று, ஆர்பிஎம் ஒன்று என இரண்டு சிறு பேக்கேஜ்களாகக் கட்டிவிட்டோம். புதுக் கணினியில் முதலில் அதைப் போட்டால் கொள்கைக் கோப்புகள் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

செயலாளர் தன் விருப்பத்தைச் சங்கத்தின் தலையில் கட்டிவிட்டார் என்று பேச்சிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வரைவைக் குழுவில் போட்டேன், அச்செடுத்தும் கொடுத்தேன், மாதக்கணக்கில் கருத்துக் கேட்டுக் காத்திருந்தேன். எழுதியவர்களின் திருத்தம் ஒவ்வொன்றும் ஆவணத்தில் இருக்கிறது. வைகாசி முகூர்த்தம், ஷிப்மென்ட் நெருக்கடி எல்லாம் எனக்கும் தெரியும், நானும் இதே ஊர்தான். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரு கூட்டத்துக்கும் வராமல், முடிவு வந்த பிறகு மாற்றச் சொல்வது வந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், முகாமுக்கும் பேக்கேஜ்களை வைத்திருக்கும் சர்வர் வாடகைக்கும் போக ஓரளவு கையிருப்பு இருக்கிறது. அதில் நன்கொடைதான் பெரும்பங்கு. சந்தா பாக்கி உறுப்பினர்களில் பாதிப்பேருக்கும் மேல். சிலருக்கு இது இரண்டாம் ஆண்டு. பெயர் படிக்கப்போவதில்லை.

கூட்டத்துக்கு மாடி அறை தந்தவருக்கும், முகாமில் பிள்ளைகளுக்கு மதிய உணவு ஏற்பாடு செய்த குடும்பத்துக்கும், ஆர்பிஎம் கட்டித் தந்த காங்கேயம் தம்பிக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது. கொள்கையில் உள்ள ஒவ்வொரு விதியையும் அதில் மறுபடி சோதிக்க வேண்டும். இதுவரை இரண்டு பேர்தான் சோதிக்கிறோம். சர்வர் வாடகை ஜூலையில் கட்ட வேண்டும், நன்கொடையாளரையே மறுபடி கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் கோப்புகள், கடவுச்சொற்கள், பதிவேடு அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு, பேக்கேஜ் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளத் தயார். யாரும் வரவில்லை என்றால் தொடர்கிறேன். சந்தா ரசீதுப் புத்தகம் இன்று பொருளாளரின் மேசையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் அவர் எங்கும் எழுந்து போகமாட்டார்.