எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இடையிலான மார்ஜின் சலுகை: கிளியரிங் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

எரிசக்தி முன்பேரச் சந்தைகளில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் நடுவே நின்று கணக்குத் தீர்க்கும் கிளியரிங் நிறுவனங்களின் இடர் மேலாண்மைக் குழுவினருக்கு வணக்கம்.

கச்சா எண்ணெயை வாங்கியும் எரிவாயுவை விற்றும் வைத்திருப்பவருக்கு மார்ஜினில், அதாவது அவர் கட்ட வேண்டிய பிணைத் தொகையில், சலுகை தருகிறீர்கள். ஒன்றின் நட்டத்தை மற்றொன்றின் லாபம் ஈடுகட்டும் என்பது கணக்கு. பெருந்தொற்றுக் காலத் தரவை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பது குறித்தே இம்மடல்.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயான டபிள்யூ.டி.ஐ.-யை மே மாதத்தில் ஒப்படைப்பதற்கான ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, மறுநாள் 10.01. விலை 47.64 டாலர் ஏறியிருக்கிறது. சதவீதச் சூத்திரமோ 126.6 சதவீத இறக்கம் என்கிறது, வகுக்கும் எண் மைனஸ் என்பதால். மைனஸ் எண்ணுக்கு லாக் (மடக்கை) இல்லாததால், லாக் கணக்குக்கு விடையே கிடையாது. உடனே அந்த நாளைத் தரவிலிருந்து நீக்கிவிடுவது பலரது வழக்கம்.

நீக்க வேண்டாம், ஜூன் ஒப்பந்தத்துக்கு மாறுங்கள். இன்னும் முடிக்கப்படாத நிலுவை ஒப்பந்தங்கள் அன்று மே மாதத்தைவிட அங்கேதான் மிக அதிகமாக இருந்தன. மே ஒப்பந்தத்தின் சரிவு, அந்த எண்ணெய் ஒப்படைக்கப்படும், கடலைத் தொடாத அமெரிக்க ஊரான குஷிங்கின் தொட்டிகளில் இடம் கிடைக்காத சிக்கல். வட கடல் எண்ணெயான பிரென்ட் அன்று ஏறக்குறைய 9 சதவீதம்தான் இறங்கியது. மறுநாள் ஜூன் ஒப்பந்தம் 20.43-இலிருந்து 11.57-க்கு விழுந்தபோது, பிரென்ட்டும் 25.57-இலிருந்து 19.33-க்கு வந்தது. அதிர்ச்சி சந்தை விட்டுச் சந்தை தாவியது 21-ஆம் தேதிதான். தலைப்புச் செய்தியான நாளில் அல்ல.

அடுத்தது, கடைசி 200 வர்த்தக நாள்களை மட்டும் கணக்கில் எடுக்கும் நகரும் சாளரம். ஏப்ரல் 21 உள்ளே வந்ததும், ஒரு சந்தையின் அதிர்ச்சி மற்றதற்கு எவ்வளவு பரவுகிறது என்று அளக்கும் பரவல் குறியீடு எகிறும். 2021 பிப்ரவரி முதல் வாரத்தில் அந்த நாள் வெளியேறியதும் தானாகவே சரியும். சந்தை அமைதியடைந்ததாக அதற்குப் பொருளில்லை. அதே மாத நடுவில் டெக்சாஸ் உறைபனியில் எரிவாயு உற்பத்தி முடங்கியது நினைவிருக்கும். நெருக்கடி நாள்களைச் சாளரம் நகர்ந்தாலும் போகாதபடி தனியே நிரந்தரமாகக் கணக்கில் வைத்து, தனி எடை கொடுங்கள்.

எங்களை அதிகம் உறுத்துவது எண்ணெய், எரிவாயு விலைகளுக்கு இடையிலான தொடர்பின் திசை. ஊரடங்கு முதலில் இரண்டின் தேவையையும் குறைத்து, இரண்டு விலைகளையும் சேர்த்து இழுக்கிறது. பிறகு எண்ணெய்க் கிணறுகள் மூடப்படுகின்றன. அவற்றோடு வெளிவரும் எரிவாயுவும் குறைந்து, எரிவாயு விலைக்கு முட்டுக்கொடுக்கிறது. அப்போது நீங்கள் சலுகை தந்தவருக்கு இரண்டு பக்கமும் நட்டம். பரவல் குறியீட்டின் 10 நாள் முன்கணிப்பில் இது சரியாகத் தெரியாது. எண்ணெய் விலையோடு கட்டப்பட்ட திரவ எரிவாயு ஒப்பந்தங்களில் தாக்கம் சில மாதங்கள் கழித்தே வருவதும் அப்படித்தான்.

எனவே சலுகை விகிதத்தைக் குறுகிய கால, நீண்ட காலத் தொடர்புகளுக்குத் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டில் குறைவானதையே தாருங்கள். எண்ணெயும் எரிவாயுவும் எதிரெதிராக நகரும் ஒரு சோதனையையும் சேர்த்து, முடிவை உறுப்பினர்களுக்கு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
எரிசக்திச் சந்தை இடர்க் கணக்கீட்டில் பணிபுரிவோர்