பதினொன்றில் ஒரு ஒன்று: உள்ளூர் சேனலின் புது முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்து உள்ளூர் செய்திச் சேனலை வாங்கியிருக்கும் புதிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சேனலின் பழைய பெயரை நான் இங்கே எழுதவில்லை, புதுப் பெயரையும் எழுதவில்லை. எந்தச் சேனல் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாபேட்டையிலிருந்து சூரமங்கலம் வரைக்கும் கேபிள் பெட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பொங்கலன்று காலையில் டிவியைப் போட்டால் பழைய லோகோ இல்லை, பழைய இசை இல்லை, பத்து வருடமாகச் செய்தி வாசித்த அம்மாவும் இல்லை. யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள் என்று ஒரு வரி கிடையாது. அதை அப்புறம் கேட்கிறேன். கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன்: திரையின் இடது கீழ் மூலையிலிருந்து உங்கள் லோகோவை எடுத்துவிடுங்கள். அறிவிப்புக் கார்டுகள் ஓடும் நேரத்திலாவது எடுத்துவிடுங்கள்.

சென்ற மாதம் என் அம்மா காலமானார். வயது 81. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் பொடி வைத்து ஊதியவர். இரவு பத்தரைக்கு உயிர் பிரிந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டோம். அம்மாவுக்குச் சொந்தத்தை விடப் பழக்கம் அதிகம். பட்டறைக் கூட்டாளிகள், கோயிலில் கூட உட்கார்ந்தவர்கள், சந்தையில் காய் விற்பவர்கள். அவர்களில் பாதிப் பேருடைய நம்பர் என்னிடம் இல்லை, மீதிப் பேரிடம் ஃபோனே இல்லை. அதற்காகத்தான் இந்த ஊரில் கண்ணீர் அஞ்சலிக் கார்டு கொடுக்கிறோம். விடிந்ததும் என் மச்சான் உங்கள் அலுவலகத்துக்குப் போய் 600 ரூபாய் கட்டி, போட்டோவும் எழுதின தாளும் கொடுத்துவிட்டு வந்தார். தாளில் மணியை எண்ணிலும் எழுதி எழுத்திலும் எழுதியிருந்தோம். உங்கள் ஆட்கள் எண்ணை மட்டும் போட்டார்கள். அது தப்பில்லை, இடம் பற்றாது.

பதினொரு மணிக்கு எடுத்துவிட்டோம். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஆட்டோவில் ஒரு கிழவி வந்து இறங்கினார். சிவதாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். கையில் மாலை, ஒரு மஞ்சள் பையில் கோடிப் புடவை. அம்மாவோடு ஒரே பலகையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர். பந்தலில் கழுவிவிட்ட தரையையும் சாய்த்து வைத்த பெஞ்சையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "டிவில ஒரு மணின்னுதானே கண்ணு போட்டிருந்துச்சு" என்றார். அழக்கூட இல்லை. அதையே நாலைந்து தடவை சொன்னார். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமும் இல்லை. கோடிப் புடவையை யாருக்குப் போர்த்துவது? அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வயசானவர், சரியாகப் படித்திருக்க மாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். சாயங்காலம் அதே கார்டு மறுபடி ஓடியது. எழுந்து போய் டிவி பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே அம்மா போட்டோ. அதற்குக் கீழே பெயர், வயது, வீட்டு விலாசம், "இறுதி ஊர்வலம் இன்று" என்று ஒரு வரி. கடைசி வரி இடது ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறது: "11 மணிக்கு இல்லத்திலிருந்து புறப்படும்." அந்த இடது ஓரத்தில்தான் உங்கள் புது லோகோ உட்கார்ந்திருக்கிறது. சிவப்பும் பொன்னிறமுமாக ஒரு உருண்டை, உள்ளங்கை அகலம், சுற்றிக்கொண்டே இருக்கிறது. பதினொன்றின் முதல் ஒன்றை அது முழுங்கிவிட்டது. பாக்கி இருப்பது "1 மணிக்கு". யார் பார்த்தாலும் ஒரு மணிதான். நானே பார்த்திருந்தாலும் ஒரு மணிக்குத்தான் கிளம்பியிருப்பேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்தேன். துக்க வீட்டுக்காரன் என்று தெரிந்து உட்காரச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். குறை சொல்ல மாட்டேன். ஃபோனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி, "டெம்ப்ளேட் சென்னையிலிருந்து வருதுங்கண்ணா, எங்களுக்கு லோகோவை நகர்த்த அனுமதி இல்லை" என்றார். வேண்டுமானால் கார்டை இன்னும் இரண்டு நாள் இலவசமாக ஓட்டுவதாகச் சொன்னார். எதற்கு? இரண்டு நாள் கழித்து அம்மாவை மறுபடி எடுக்கவா? அந்தத் தம்பியிடம் கோபித்துப் பிரயோஜனமில்லை என்று வந்துவிட்டேன். அவர் கொடுத்த முகவரிக்கு மெயில் போட்டேன், ஒரு வாரம் விட்டு இன்னொன்றும் போட்டேன். பதில் இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

பழைய சேனல் ஒன்றும் பெரிய சேனல் இல்லை. செய்தி வாசிக்கும்போது பின்னால் நாய் குரைக்கும். ஆனால் கார்டு கொடுத்தால், ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை ஃபோன் வரும். "மணி சரிதானுங்களா? வார்டு நம்பர் சரிதானுங்களா?" என்று கேட்பார்கள். லோகோ மேலே வலது ஓரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். கீழே ஓடுகிற எழுத்தில் எங்கள் வார்டுக்குத் தண்ணீர் எப்போது, எந்தப் பகுதியில் மின்தடை, மேட்டூர் அணை நீர்மட்டம் 120 அடியில் இன்று எத்தனை, யாருடைய பர்ஸ் பழைய பஸ் ஸ்டாண்டில் தொலைந்தது, கோட்டை மாரியம்மனுக்கு எந்தத் தேதியில் பூச்சாட்டுதல் என்று வரிசையாக வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றபோது, மலையில் வேலை பார்க்கிற என் தங்கை மாப்பிள்ளை எப்போது இறங்கலாம் என்று அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நாங்கள் சொன்னோம். இருபது கொண்டை ஊசி வளைவில் எது அடைத்திருக்கிறது என்று சென்னைச் சேனல் சொல்லாது. அவர்களுக்கு ஏற்காடு என்றால் மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி, அவ்வளவுதான்.

இப்போது அந்த இடத்தில் என்ன ஓடுகிறது? நடிகர் கல்யாணம். கோயம்புத்தூரில் நகைக்கடைத் திறப்பு. "பிரேக்கிங்" என்று சிவப்புப் பட்டை, அதற்கு மேல் இன்னொரு பட்டை, ஓரத்தில் கடிகாரம், நடுவில் விளம்பரம், மூலையில் உருண்டை. செய்தி வாசிப்பவரின் கழுத்துக்குக் கீழே எதுவும் தெரிவதில்லை. புதிதாக வந்த தம்பி திருமணிமுத்தாறைத் "திருமணி, முத்தாறு" என்று இரண்டு ஆறாகப் பிரித்து வாசிக்கிறார். போகட்டும், எங்கள் ஊரில் ஆறு கூடினால் சந்தோஷம்தான்.

சேனல் கைமாறுவது ஊரில் நடக்காத காரியம் இல்லை. சென்னையில் என்டிடிவி இந்து என்று ஓடிக்கொண்டிருந்தது 2012-இல் தந்தி டிவி ஆயிற்று. விஜய் டிவிக்கு அந்தப் பெயர் வந்தது விஜய் மல்லையா கையில் இருந்தபோது. அவர் விற்ற பிறகும், 2001-இல் ஸ்டார் வந்த பிறகும், அந்தப் பெயரைத் தூக்கி எறியவில்லை, முன்னால் ஸ்டார் என்று ஒட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த இடம் கைமாறி வீடுகளாகிப் பல காலம் ஆகிறது, ஏற்காடு ரோட்டில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. இன்றைக்கும் அந்த இடத்துக்கு வழி கேட்டால் எங்கள் ஊர்க்காரன் மாடர்ன் தியேட்டர்ஸ் என்றுதான் சொல்வான். நீங்கள் பெயரிலிருந்து சேலத்தையே எடுத்துவிட்டீர்கள். வாங்கினவர் உரிமை. அதில் நான் வாய் வைக்கவில்லை. நான் கேட்பது மூலையில் இருக்கிற உள்ளங்கை அகல இடம்.

சரி, யார் வாங்கினார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் தெருக் கேபிள்காரர் விவரம் தெரிந்தவர். அவர்தான் சொன்னார். கேபிள் நிறுவனங்கள் தாங்களே நடத்துகிற இந்த மாதிரி உள்ளூர்ச் சேனல்களுக்கு "பிளாட்ஃபார்ம் சர்வீசஸ்" என்று பெயர் வைத்து, மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பர் 30-ஆம் தேதி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. மற்ற சேனல்களிலிருந்து வித்தியாசம் தெரிகிற மாதிரி அந்தச் சொல்லைத் திரையில் போட வேண்டும். உள்ளூர்ச் செய்தி தருகிறவர்கள் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்கும், இயக்குநர்கள் இருப்பார்கள். சுற்றுகிற உருண்டைக்கு இடம் இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஒரு வரி இடம் இல்லையா? கலைஞர் டிவி, ஜெயா டிவி என்றால் பெயரிலேயே ஆள் தெரிந்துவிடும்; கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு செய்தி கேட்போம். உங்கள் சேனலில் நேற்றுவரை குப்பை அள்ளவில்லை என்று காட்டிய தெருவை இன்றைக்குக் காட்டவில்லை என்றால், குப்பை அள்ளிவிட்டார்களா, இல்லை முதலாளி மாறிவிட்டாரா என்று நாங்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? தெருவில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம், வாஸ்தவம். பார்த்தேன். அள்ளவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

அதே நெறிமுறையில் இன்னொன்றும் இருக்கிறது. ஒளிபரப்பான நிகழ்ச்சிகளின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். என் அம்மாவின் கார்டு ஓடி இன்னும் 40 நாள்கூட ஆகவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தால் எடுத்துப் போட்டுப் பாருங்கள். தேதியும் வார்டும் மெயிலில் எழுதியிருக்கிறேன். காலை எட்டு மணிச் செய்தி முடிந்து வருகிற அறிவிப்புகளில் மூன்றாவது கார்டு. பக்கத்தில் வீட்டுப் பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று படிக்கச் சொல்லுங்கள். சென்னையில் உட்கார்ந்து டெம்ப்ளேட் செய்தவர் கம்ப்யூட்டர் திரையில் பார்த்திருப்பார். சிவதாபுரத்தில் ஓட்டு வீட்டில், பழைய பெட்டி டிவியில், ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு எப்படித் தெரிகிறது என்று அவர் பார்த்திருக்க மாட்டார்.

நஷ்ட ஈடு கேட்கவில்லை. 600 ரூபாயும் வேண்டாம். திரையில் வருத்தம் தெரிவிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. போட்டாலும் அந்த உருண்டைக்கு அடியில்தான் போடுவீர்கள். லோகோவை மேலே ஏற்றுங்கள். பழைய சேனலில் இருந்த அதே வலது ஓரத்துக்கு ஏற்றுங்கள். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் விடுகிற நேரத்தையும் மின்தடையையும் மறுபடி கீழே ஓட விடுங்கள். கார்டு கொடுத்தவர்களுக்கு முன்பு போல ஒரு ஃபோன் செய்து மணியைச் சரிபார்க்க அந்தத் தம்பிக்கு அனுமதி கொடுங்கள். அவர் நல்ல பையன், செய்வார். இதில் ஒன்றுதான் முடியும் என்றால் லோகோவை மட்டுமாவது நகர்த்துங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
அம்மாபேட்டை மளிகைக் கடைக்காரன்,
உங்கள் சந்தாதாரன்

பின்குறிப்பு: இதை எழுதி முடிக்கிற நேரத்தில் கடை டிவியில் இன்னொரு கார்டு ஓடுகிறது. குகையில் ஒரு பெரியவர். மணி இருக்க வேண்டிய இடத்தில் உருண்டை சுற்றுகிறது. வலது பக்கம் ஒரு ஃபோன் நம்பர் தெரிந்தது. யாரென்று தெரியாத வீடு, இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டேன். நாலு மணியாம். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.