வேகத்தடை மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நகர் விரிவாக்கப் பகுதியில் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த சிறுவன்மீது வேன் மோதியதையும், மறுநாள் மக்கள் சாலை மறியல் செய்ததையும் உங்கள் நாளிதழில் படித்தேன். ‘வேகத்தடை அமைக்க வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் கோரிக்கை’ என்று செய்தி முடிந்திருந்தது. பையன் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டான். ஆனால் அடுத்த வாரமே இன்னும் நான்கு இடங்களில் வேகத்தடை கேட்டு ஒரு மனு வீடு வீடாக வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. “ரோடு இன்ஸ்பெக்டரா இருந்த நீங்களே இப்படிச் சொல்லலாமா சார்?” என்று எதிர்வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். அந்த வேலையில் இருந்ததால்தான் சொல்கிறேன்.

வேகத்தடைக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. அவற்றில் பாதிக்கு மேல் எந்தப் பொறியாளரும் பார்த்துப் போட்டவை அல்ல. வீட்டுக்குத் தளம் போட்டபோது மீந்த கலவையை ரோட்டில் கொட்டி, மேஸ்திரியைவிட்டு மட்டப்பலகையால் இழுத்தவை. கோயில் திருவிழாவுக்காகத் தற்காலிகமாகப் போட்டது ஒன்று நிரந்தரமாகிவிட்டது. ஒரு தெருவில் செல்வாக்கானவர் வீடு எது என்று யாரையும் கேட்கவேண்டாம். வேகத்தடை எந்த வாசலுக்கு முன்னால் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

ரேஷன் கடைப் பக்கம் உள்ளதை டேப் வைத்து அளந்தேன். உயரம் 18 செ.மீ., வண்டி ஏறி இறங்கும் அகலம் அரை மீட்டர்கூட இல்லை. சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு ஐ.ஆர்.சி. 99 விதிப்படி சாதாரணப் போக்குவரத்துக்கான வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கவேண்டும். கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்திருக்கவேண்டும். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும்.

3.7 மீட்டர் என்பது ஏதோ குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கல்ல. பைக்கின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றேகால் மீட்டர், கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அகலமான தடையில் வண்டி முழுசாக ஏறி முழுசாக இறங்குகிறது, 25 கி.மீ. வேகத்தில் போனாலும் ஆளை அசைக்காது. எங்கள் ஊர் மேட்டில் முன்சக்கரம் தொப்பென்று விழுந்த மறுகணமே பின்சக்கரம் எகிறுகிறது. அந்தக் குலுக்கல் அத்தனையும் பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு. பிரசவ வலியோடு 108-இல் போகிறவளை நினைத்துப் பாருங்கள்.

இதற்குப் பயந்து பைக் ஓட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மழைத்தண்ணீர் போக ஓரத்தில் ஒரு முழம் விட்டிருப்பார்கள் அல்லவா, அந்தச் சந்துக்குள் வண்டியை நுழைக்கிறார்கள். அது சாக்கடைச் சுவரை ஒட்டிய இடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடப்பதும் அங்கேதான். ஆக, வேகத்தைக் குறைக்கப் போட்ட தடை, வண்டியை நடுரோட்டிலிருந்து பிள்ளைகள் பக்கம் தள்ளிவிடுகிறது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. வேகத்தடையால் நேர்ந்த விபத்துகளில் 2015-இல் மட்டும் நாடு முழுவதும் 3,400 பேருக்கு மேல் இறந்ததாக மத்திய அரசின் கணக்கே சொன்னது. தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் வேகத்தடைகளை அகற்றும்படி 2016-இல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டது.

சரி, அந்தப் பையன்மீது வேன் ஏன் மோதியது? இடத்தைப் போய்ப் பார்த்தேன். முக்கில் ஒரு மினி லாரி நாள் கணக்கில் நிற்கிறது. அதன்மேல் தலை நீட்டியபடி ஒரு பிறந்தநாள் பிளெக்ஸ். தெருவிளக்கு எரிகிறது, ஆனால் புங்கமரக் கிளைக்குள், வெளிச்சமெல்லாம் இலைக்குத்தான். சைக்கிள் முக்கைத் தாண்டி நடுரோட்டுக்கு வந்தபிறகுதான் வேன் ஓட்டுநர் கண்ணில் பட்டிருக்கும். அந்த முக்கில் மலையையே கொண்டுவந்து வைத்தாலும் தெரியாதது தெரியாததுதான்.

கிளையை வெட்டச் சொன்னால் அது மின்வாரிய வேலை என்கிறார்கள். அங்கே போனால் விளக்கு உள்ளாட்சியுடையது என்கிறார்கள். பிளெக்ஸைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. இவ்வளவுக்கும் நடுவே வேகத்தடை கேட்பதுதான் எல்லோருக்கும் சௌகரியம்: யாரையும் பகைக்கவேண்டாம், ஒரு லோடு கலவையில் காரியம் முடிந்தது.

வேகம் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புத் தெருக்களில் 30 கி.மீ.தான் உச்சவரம்பு. எங்கள் தெருக்களின் முனையில் அப்படி ஒரு பலகைகூடக் கிடையாது. தடை அவசியமான இடமும் ஒன்று உண்டு: பள்ளிக்கூட வாசல். அங்கே இருப்பதோ, இருட்டினால் கண்ணுக்கே தெரியாத பெயிண்ட் போன மேடு.

மனுவை இப்படித் திருத்திக் கொண்டுவரட்டும், முதல் கையெழுத்து என்னுடையது. முக்கில் வண்டி நிறுத்தத் தடை. பிளெக்ஸை எடுக்கவேண்டும். கிளையை வெட்டவேண்டும், மனுவில் மின்கம்ப எண்ணை மறக்காமல் எழுதுங்கள், எண் இல்லாத மனுவுக்கு ‘இடம் தெரியவில்லை’ என்று பதில் எழுதுவது ரொம்பச் சுலபம். பள்ளி வாசலில் விதிப்படி ஒரே ஒரு வேகத்தடை, பட்டையோடும் பலகையோடும். மீதி மேடுகளை அளந்து, விதிக்குப் பொருந்தாததை உடைத்து எடுக்கவேண்டும், அது யார் வீட்டு வாசலில் இருந்தாலும்.

இதன் நகல் ஒன்றை ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அனுப்பலாம். பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாகவும் வைக்கலாம். உங்கள் நிருபரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்தமுறை வேகத்தடை கோரிக்கைச் செய்தி எழுதும்போது, விபத்து நடந்த இடத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்,
திருச்சி மாவட்டம்