மெர்சிங்குக்கு ஒரு ராத்திரி

அன்பு மாப்பிள்ளை,

நாலு மாதமாக உன் செய்திகளுக்குப் பதில் போடாதவன் இன்று பக்கம் பக்கமாக எழுதுகிறேன் என்றால், காரணம் நேற்று வந்த உன் ஒற்றை வரி: "சனிக்கிழமை நானும் அவளும் மெர்சிங், ஒரு ராத்திரி, திடீர் முடிவு." திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டி வலி பழையபடிதான். மீசைக்காரர் மறுபடியும் வேலையை விட்டுவிட்டார், அது செய்தியே இல்லை.

தேனிலவுக்கே அக்கா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனவன் நீ. இப்போதாவது ரெண்டு பேர் மட்டும் போகிறீர்களே! கேமரன் மலைக் கதையைத் தங்கச்சியிடம் நான் இன்னும் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி, ஜொகூரின் கிழக்குக் கரை ஊரான மெர்சிங்குக்குப் போவது நல்ல யோசனைதான். ஆனால் "காலையில் நிதானமாக எழுந்து கிளம்புவோம்" என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2025 ஜனவரியிலிருந்து மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்கும் சனி, ஞாயிறுதான் விடுமுறை. முன்பு அவர்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். இப்போது சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓய்வெடுக்கிறது. எட்டு மணிக்குக் கிளம்பினால் உன் மெர்சிங் பயணத்தில் பாதி உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில்தான் கழியும். காலை நாலரைக்குச் சோதனைச்சாவடியில் இரு. தூக்கத்தை மெர்சிங் போய்த் தூங்கு.

அதற்குமுன் இன்றைக்கே பார்க்க வேண்டியவை. உன் காருக்கு விஇபி, அதாவது மலேசியாவுக்குள் வண்டி நுழைவதற்கான அனுமதி, பதிவு செய்து, ஒட்டுவில்லையையும் ஒட்டியாயிற்றா? 2025 ஜூலையிலிருந்து அது இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் போடுகிறார்கள். ஒரு ராத்திரியில் முடிகிற காரியம் இல்லை. இன்னும் செய்யவில்லை என்றால் காரை மறந்துவிட்டுப் பேருந்தில் போ: குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து 170ஆம் எண் பேருந்து பிடித்து ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையம், அங்கிருந்து மெர்சிங். இரண்டு சாவடியிலும் பையோடு இறங்கி, அடுத்து வரும் 170இல் ஏற வேண்டும். பையை இருக்கையில் விட்டுவிட்டு இறங்குகிறவன் நீ, அதனால் சொல்கிறேன்.

கார் என்றால் டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கட்டும். குறைந்தால் சிங்கப்பூர்ப் பக்கத்திலேயே திருப்பி அனுப்புவார்கள், அபராதம் 500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை போகும். போக வர முந்நூறு கிலோமீட்டர் போலத்தான், முக்கால் டாங்க் தாராளம். அங்கே போட்டே ஆக வேண்டும் என்றால் ரான் 97 ரகப் பெட்ரோல் மட்டும். மஞ்சள் குழாயில் வரும் 95 வெளிநாட்டு வண்டிக்குக் கூடாது. டச் அண்ட் கோ அட்டையில் 100 ரிங்கிட் போட்டு வை. நுழைவுச் சாலைக் கட்டணமே 20 ரிங்கிட், அதன்மேல் சுங்கம். அட்டையில் காசு இல்லாமல் தடுப்புக்கு முன்னால் நின்றால் பின்னாலிருக்கும் நாற்பது கார் உனக்கு அர்ச்சனை செய்யும்.

மலேசிய வருகை அட்டை சிங்கப்பூர்க் குடிமகனான உனக்கு வேண்டாம். தங்கச்சி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தானே? சிங்கப்பூர் நிரந்தரவாசியாக (பிஆர்) இருந்தாலும் அவளுக்கு வேண்டும். போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடு. காசு கேட்கும் தளம் எதுவும் உண்மையானது இல்லை, அது இலவசம். இரண்டு பாஸ்போர்ட்டிலும் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று பார்.

எல்லை தாண்டினால் வழி சுலபம்: தெப்ராவ் நெடுஞ்சாலை, உலு திராம், கோத்தா திங்கி, ஜெமாலுவாங், மெர்சிங். ஜொகூர் பாருவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கோத்தா திங்கியில் நிறுத்திக் காப்பி குடி, கழிவறைக்கும் போய்விடு. அதன்பிறகு பெரும்பாலும் செம்பனைத் தோட்டம், காடு, மெதுவாகப் போகும் லாரி. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவுகளில் முந்தாதே. யானை கடக்கும் இடம் என்று பலகை பார்ப்பாய், விளையாட்டுக்கு வைத்ததில்லை. இருட்டியபின் அந்தச் சாலை வேண்டாம். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்து. ஹாரன் கூடாது, விளக்கை அடித்துக் காட்டவும் கூடாது. அது போகிறவரை நீயும் நில்.

"தியோமான் தீவையும் பார்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா! மெர்சிங் படகுகள் ஆற்றுக்குள்ளிருந்து கிளம்புகின்றன, ஆற்றுமுகம் ஆழமில்லை. அலையேற்றம் பார்த்துத்தான் படகு விடுவார்கள், நேரம் தினமும் மாறும். கடலிலேயே கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். சனி மதியம் தீவில் இறங்கி, ஞாயிறு காலை எந்தப் படகு என்று கவலைப்பட்டுக்கொண்டே ராத்திரியை ஓட்டுவாய். தீவுக்கு மூன்று நாள் ஒதுக்கு, அதுவும் நவம்பரிலிருந்து மார்ச் வரை அடிக்கும் வடகிழக்குப் பருவக்காற்று இல்லாத மாதமாகப் பார். இந்த ஏப்ரலுக்கு ஊரே போதும்.

எட்டு மணி வாக்கில் சேர்ந்தால் நேரே நாசி டகாங். அரிசியில் தேங்காய்ப்பால், பக்கத்தில் சூரைமீன் குழம்பு. காலையிலேயே தீர்ந்துவிடும், பத்து மணிக்குப் போய்க் கேட்காதே. சில்லறை ரிங்கிட் கையில் இருக்கட்டும். அறை ரெண்டு மூன்று மணிக்குமுன் கிடைக்காது, ஆகவே மாற்றுத் துணியும் துண்டும் தனிப் பையில், எடுக்க வசதியாக. ஊரை ஒட்டிய கரையில் நீர் வற்றினால் சேறுதான். குளிக்க வடக்கே பத்து கிலோமீட்டர் போல ஆயர் பாப்பான் போ. அலை அட்டவணையைப் பார்த்து நீர் ஏறும் நேரத்தில் இறங்கு. சாயங்காலம் மணலில் உட்காரும்போது கணுக்காலுக்குக் கொசு மருந்து தடவிக்கொள். அங்கே கடிப்பது கொசுவை விடச் சின்னது, அரிப்பு ஒரு வாரம் விடாது. ஞாயிறு விடியலைத் தவறவிடாதே. கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்தே எழும்பும்.

திரும்பும்போதுதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். "மத்தியானம் சாப்பிட்டுவிட்டு" என்றால் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் மாட்டுவாய். ஒன்பதரைக்கு அறையைக் காலி செய், பன்னிரண்டு வாக்கில் சாவடி. சிங்கப்பூர்ப் பக்கம் பாஸ்போர்ட்டுக்குப் பதில் குடிநுழைவுத் துறையின் மைஐசிஏ செயலியில் வரும் கியூஆர் காட்டலாம், இருவருக்கும் ஒரே குறியீடாகப் போட்டு வை. 48 மணி நேரத்துக்குள் திரும்புவதால் ஜிஎஸ்டி விலக்கு தலைக்கு 100 வெள்ளிதான். கருவாடு, கெரோப்போக் அப்பளம் வாங்க அது ஏராளம். பீர் மட்டும் வாங்காதே, மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவுக்கு வரிவிலக்கே கிடையாது.

இன்னொன்று, விளையாட்டில்லை. பையன் தேசிய சேவைப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போய் ஐந்து நாள்தான் ஆகிறது. முதல் ரெண்டு வாரம் வெளியே விடமாட்டார்கள், படுக்கப் போகுமுன் பேசக் கிடைக்கும் சில நிமிடத்துக்காகத் தங்கச்சி தொலைபேசியைக் கையிலேயே வைத்திருப்பாள். அவளுடைய எண்ணுக்கும் ரோமிங் போடு, உன் எண்ணுக்கு மட்டும் போட்டுவிட்டு வராதே. காட்டுப் பகுதியில் சிக்னல் போய்ப் போய் வரும், ராத்திரி எட்டரைக்கெல்லாம் அறையில் இருங்கள்.

மெர்சிங்கிலிருந்து தெக்கோங் தெரியுமா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். தெரியாது, அது இந்தப் பக்கம் தெற்கே. ஆனால் கோத்தா திங்கியை ஒட்டி ஓடுகிற ஜொகூர் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு முன்னால்தான் அந்தத் தீவு இருக்கிறது. காப்பிக்கு நிறுத்தும்போது ஆற்றை அவளுக்குக் காட்டு.

அயர்ன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.

உன்,
மச்சான்