கடைசிப் பக்கத்து நீதியைப் பாத்து படப் புத்தகம் வாங்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் குளத்துப்புழையில இருந்து எழுதுறேன். கேரளா தான், ஆனா எங்க வீட்ல பேசுறது தமிழ். 1964ல போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி சிலோன்ல இருந்து திரும்பி வந்தவங்களுக்காக எழுபதுகள்ல ஆரம்பிச்ச ரப்பர் தோட்டம் இங்க இருக்கு, எங்க தாத்தாவும் அம்மாயியும் அப்படி வந்து சேந்தவங்க தான், இப்போ என் வீட்டுக்காரர் அதே தோட்டத்துல பால் வெட்டுறார், நான் வீட்ல தையல் மெஷின் போட்டிருக்கேன். உங்க பேப்பர் எங்களுக்கு செங்கோட்டை பக்கம் இருந்து பஸ்ல வரணும், சில நாள் மத்தியானம் ஆயிடும், ஆனாலும் வாங்கி பசங்களுக்கான பக்கத்தை தனியா எடுத்து வெச்சிடுவேன். அதனால தான் இதை உங்களுக்கு எழுதணும்னு தோணுச்சு.

ஜூன் 19 இங்க வாசிப்பு தினம், கேரளா பூரா ஊர் ஊரா லைப்ரரி வர்றதுக்கு பாடுபட்ட பி.என். பணிக்கரோட நினைவு நாள். ஸ்கூல்ல எல்லா பிள்ளைங்களும் வீட்ல இருந்து ஒரு புத்தகம் கொண்டு வந்து அதைப் பத்தி சொல்லணும்னு சொல்லிருந்தாங்க. என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ், மலையாளம் மீடியம், ஆனா அவ ஆசையா எடுத்துட்டுப் போனது தமிழ் படப் புத்தகம். குற்றாலம் சீசனுக்கு போனப்போ ரோட்டோர கடையில வாங்குனது, மிருகங்களைப் பத்தினது, பக்கத்துக்கு ஒரு நல்ல விஷயமும் சொல்லும். அதுல ஒட்டகத்துப் பக்கத்துல திமிலை வெட்டிக் காட்டுன மாதிரி படம் போட்டு உள்ள நீலக் கலர்ல தண்ணி வரைஞ்சு, "ஒட்டகம் போல நாமும் சேமிக்க வேண்டும்"னு எழுதிருக்கும். இவ அதை அப்படியே மலையாளத்துல சொல்லிருக்கா. டீச்சர் திட்டல்லாம் இல்ல, மெதுவா, அது தண்ணி இல்ல மோளே, கொழுப்புன்னு சொல்லிருக்காங்க. வீட்டுக்கு வந்து பையைக் கூட இறக்கல, என்கிட்ட கேட்டா, "அம்மா, புத்தகத்துல பொய் கூட போடுவாங்களா?"

எனக்கு பதில் வரல ஐயா. டீச்சர் சொன்னது தான் சரி. திமில்ல இருக்குறது கொழுப்பு, தீனி கிடைக்காத நாள்ல அது கரைஞ்சு தான் ஒட்டகம் உசுரோட இருக்கும், ரொம்ப பட்டினின்னா திமில் சுருங்கி ஒரு பக்கமா சாஞ்சிடும். தண்ணி கிடைக்கிறப்போ நூறு லிட்டர் கிட்ட ஒரேடியா குடிக்கும், அது வேற சமாச்சாரம். இவ்வளவு அழகான நெஜம் இருக்கறப்போ எதுக்கு பொய்யை வரையணும்? சேமிக்கணும்னு சொல்றதுக்கு கொழுப்பே போதுமே.

அன்னைக்கு ராத்திரி வீட்ல இருந்த இருபது இருபத்தஞ்சு புத்தகத்தையும் இறக்கிப் போட்டு ஒவ்வொண்ணா பாத்தேன். சிலந்திக்கு ஆறு கால் தான் போட்டிருக்கு, எட்டு இருக்கணும். எறும்போட கால் ஆறும் நடு உடம்புல இருந்து தான் கிளம்பும், படத்துல பின்னாடி குண்டா இருக்குற வயித்துல ஒட்ட வெச்சிருக்காங்க. பிறை நிலாவோட வளைவுக்குள்ள ஒரு நட்சத்திரம் மின்னுது, அந்த இருட்டான இடமும் நிலா தானே, அதைத் தாண்டி நட்சத்திரம் எப்படி தெரியும். அணில்னு போட்டு சிவப்பா, வால் புசுபுசுன்னு எங்கேயோ குளிர் தேசத்து அணில், எங்க வாசல்ல ஓடுற மூணு கோடு அணிலை பாத்த பிள்ளை அதை அணில்னே ஒத்துக்கல. இதெல்லாம் சின்ன விஷயம்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அப்படித் தோணல, எழுத்துக் கூட்டத் தெரியாத வயசுல பிள்ளை படிக்கிறதே படத்தைத் தான், அந்த வயசுக்கு படம் தான் பாடம்.

இன்னும் மனசு கஷ்டப்பட்டது வவ்வால் கதைக்கு. பறவைக்கும் மிருகத்துக்கும் சண்டை, வவ்வால் ஜெயிக்கிற பக்கம் மாறி மாறி சேந்துச்சு, கடைசில ரெண்டு பக்கமும் துரத்திவிட வெக்கப்பட்டு ராத்திரில மட்டும் வெளிய வருதுன்னு முடியும், கீழ பெருசா நீதி, நம்பிக்கைத் துரோகம் செய்யாதேன்னு. நீதி சரி தான். ஆனா அதுக்கு அந்த ஜீவனை ஏன் கெட்டவனாக்கணும்? வவ்வால் குட்டி போட்டு பால் குடுக்குற ஜாதி, அந்த ஜாதியில நெஜமா பறக்குறது அது மட்டும் தான். தலகாணிக்கு அடைக்கிறோமே இலவம் பஞ்சு, அந்த மரத்துப் பூ ராத்திரில விரியும், தேன் குடிக்க வர்ற வவ்வால் தான் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு போகும். இலுப்பைப் பழத்தை தின்னுட்டு கொட்டையை தூரத்துல போட்டு புது மரம் வர வைக்கும். 2018ல கோழிக்கோடு பக்கம் நிபா காய்ச்சல் வந்தப்போ எங்க தோட்டத்து லைன் வீட்டுப் பசங்க ஆலமரத்துல தொங்குன வவ்வாலை கல்லால அடிச்சாங்க, பெரியவங்களும் சும்மா பாத்துட்டு நின்னாங்க. வவ்வால் கடிச்ச பழத்தை திங்காதீங்க, அதுங்க இருக்குற இடத்துல போய் தொந்தரவு பண்ணாதீங்கன்னு தான் சுகாதாரத் துறையில சொன்னாங்களே தவிர கல்லால அடிக்கச் சொல்லி யாரும் சொல்லல. சின்ன வயசுல வவ்வால்னா துரோகின்னு படிச்சு வளந்த கை தான் அன்னைக்கு கல்லை எடுத்துச்சுன்னு நான் நெனைக்கிறேன். அதே நம்ம திருநெல்வேலி கூந்தன்குளத்துல வலசை வர்ற பறவைங்க பயந்துடும்னு தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்க, அந்த ஊர் பிள்ளைக்கு யாரும் தனியா நீதி எழுதித் தர வேண்டியதில்ல.

காக்காவும் அப்படித்தான், வடையை தொலைச்ச ஏமாளின்னு எத்தனை புத்தகத்துல. காக்கா குடும்பத்துல குச்சியை வளைச்சு கொக்கி மாதிரி செஞ்சு ஓட்டைக்குள்ள இருக்குற புழுவை எடுக்குற காக்கா எல்லாம் இருக்கு. அதை ஒரு பக்கம் வரைஞ்சு போட்டா எந்தப் பிள்ளையும் வாயைப் பொளந்து பாக்கும்.

சரி, நல்ல புத்தகமே இல்லையான்னா இருக்கு. என் தங்கச்சி ஒருநாள் இருவாச்சி பத்தி ஒரு படக்கதை கொண்டு வந்தா. கேரளாவோட மாநிலப் பறவை அது, இங்க வேழாம்பல்னு சொல்வாங்க. பொண்ணு பறவை பெரிய மரப் பொந்துக்குள்ள போய் மண்ணையும் தன்னோட எச்சத்தையும் குழைச்சு வாசலை அடைச்சுக்கும், ஒரு சின்ன பிளவு மட்டும் விடும். ஆண் பறவை அத்திப்பழம் பொறுக்கிட்டு வந்து அந்தப் பிளவு வழியா நாள் தவறாம ஊட்டும். கதையில கடைசில நீதின்னு ஒரு வரி கிடையாது. ஆனா படிச்சு முடிச்சதும் என் சின்னவன், நாலு வயசு, அவங்க அப்பாகிட்ட போய் "நீ வரலன்னா அம்மாவும் பாப்பாவும் பட்டினியா இருப்பாங்கல்ல"ன்னு கேட்டான். அவர் அப்போ தான் தோட்டத்துல இருந்து வந்து செருப்பைக் கழட்டிட்டு இருந்தார், அப்படியே திண்ணையில உக்காந்துட்டார். பெரியவ கேட்டது வேற, பெரிய மரமெல்லாம் வெட்டிட்டா பொந்துக்கு எங்க போகும்னு. ஒரே புத்தகம், அறிவியலும் வந்துடுச்சு, வாழ்க்கைக்கு வேண்டியதும் வந்துடுச்சு, ரெண்டும் தனித்தனியா இல்ல. வாழச்சால் காட்டுல காடர் பழங்குடி மக்கள் இந்த இருவாச்சி கூடுகளை கண்காணிச்சு காவல் இருக்காங்கன்னு நான் சொன்னப்போ பெரியவ நானும் போகவான்னு கேட்டா.

அதுல இருந்து கடையில நான் பாக்குற முறையே மாறிடுச்சு. முதல்ல கடைசிப் பக்கத்தை திருப்புவேன், கட்டம் கட்டி நீதி போட்டிருந்தா அதை எடுத்துட்டு கதை நிக்குதான்னு பாப்பேன், நிக்கலன்னா வெச்சிடுவேன். அப்புறம் எழுத்தை கையால மறைச்சுட்டு படத்தை மட்டும் புரட்டுவேன், படத்துலயே ஏதோ நடக்கணும், எழுத்துல "யானை வந்தது"ன்னு இருந்து படத்துலயும் வெறும் யானை நின்னா பிள்ளைக்கு கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல. எனக்கு தெரிஞ்ச ஒரு ஜீவனை எடுத்து கால், சிறகு, நிறம் சரியான்னு எண்ணிப் பாப்பேன், தெரிஞ்சதுலயே தப்பு பண்ணவங்களை தெரியாததுல எப்படி நம்புறது. நல்ல பொண்ணு வெளுப்பாவும் சண்டைக்காரி கருப்பாவும் இருந்தா தொடவே மாட்டேன், என் பொண்ணு கருப்பு, அவ கிட்ட அந்தப் பக்கத்தை என்னால படிச்சுக் காட்ட முடியாது. பொய் சொன்னா கண்ணு போகும், சாமி தண்டிக்கும்னு பயமுறுத்துறதும் வேண்டாம். வாய்விட்டு ரெண்டு பக்கம் படிச்சுப் பாப்பேன், கடைக்காரர் பாத்தாலும் பரவால்ல, நாக்கு தடுக்குற தமிழ்னா ராத்திரி தூக்கக் கலக்கத்துல என்னால படிக்க முடியாது, பிள்ளையும் எந்திரிச்சுப் போயிடும். மூணு வயசுக்கு பக்கத்துக்கு ஒரு வரி ரெண்டு வரி போதும்.

எங்களுக்கு இன்னொரு தேவை இருக்கு. பிள்ளைங்க ஸ்கூல்ல மலையாளம், வீட்ல தமிழ், அதனால ஒரே புத்தகம் ரெண்டு மொழியிலயும் கிடைச்சா பெரிய உதவி. சென்னையில 1996ல ஆரம்பிச்ச தூலிகா பதிப்பகம் ஒரே புத்தகத்தை தமிழ், மலையாளம்னு பல மொழியில போடுறாங்க. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை கம்மி. பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் வெப்சைட்ல காசே இல்லாம போன்ல படிக்கலாம், தமிழ்லயும் இருக்கு மலையாளத்துலயும் இருக்கு, படிக்கிற திறமைக்கு தகுந்த மாதிரி நாலு லெவலா பிரிச்சிருக்காங்க. நான் சிலதை கலர் பிரிண்ட் எடுத்து தையல் மெஷின்லயே நடுவுல ஒரு தையல் போட்டு புத்தகமாக்கிருக்கேன், போனை கையில குடுக்குறதுக்கு அது மேல். திருவனந்தபுரத்துல கேரள அரசோட பாலசாகித்ய இன்ஸ்டிட்யூட் 1981ல இருந்து மலையாளத்துல பிள்ளைங்களுக்குன்னே புத்தகம் போடுது, சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் அறிவியல் புத்தகங்கள் கொண்டு வருது, எங்க பக்கத்து லைப்ரரியில அதெல்லாம் இருக்கு. தமிழ் தான் இல்ல. தமிழ்நாட்டுலயும் அறிவியல் இயக்கம் பிள்ளைங்களுக்குன்னு மாத இதழே நடத்துறாங்க, ஆனா ஆரியங்காவு கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் எதுவும் வந்து சேர்றதில்ல. ஒரு புத்தகம் வேணும்னா நாங்க தென்காசிக்கு பஸ் ஏறணும், போக வர ஒரு நாள் கூலி போயிடும், அப்படிப் போயும் என்ன கேக்குறதுன்னு தெரியாம கண்ணுல பட்டதை வாங்கிட்டு வர்றோம், ஒட்டகம் அப்படித்தான் வீட்டுக்கு வந்துச்சு.

எழுதுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டுக்காரர் விடியுறதுக்கு முன்னாடி தலையில லைட்டைக் கட்டிட்டுப் போவார், ஏன் அப்பா இருட்டுல போறார்னு பிள்ளைங்க கேக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்ன மரத்துக்குள்ள அழுத்தம் அதிகமா இருக்கும், அப்போ கீறுனா தான் பால் நல்லா ஓடி சிரட்டையில விழும், வெயில் ஏறிட்டா ஓட்டம் கம்மியாயிடும். இதை ஒரு படப் புத்தகமா தமிழ்ல யாராவது போடக்கூடாதா? மலைக்கு இந்தப் பக்கம் கொட்டுற மழை அந்தப் பக்கம் செங்கோட்டையில ஏன் சாரலா மட்டும் தூறுதுன்னு ஒரு புத்தகம்? கல்லடையாத்துல எங்க சாஸ்தா கோயில் கடவுல மீனை யாரும் பிடிக்காம பொரி போட்டு வளக்குறாங்களே, அதைப் பத்தி ஒண்ணு? எங்க பிள்ளைங்க தன் வீட்டையும் தன் அப்பாவையும் தமிழ்ப் புத்தகத்துல ஒரு தடவையாச்சும் பாக்கட்டும்.

ஐயா, உங்ககிட்ட கேக்குறது இது தான். பசங்க பக்கத்துல வாரம் ஒரு படப் புத்தகத்தைப் பத்தி நாலு வரி போடுங்க. எந்த வயசுக்கு, என்ன விலை, படம் சரியா வரைஞ்சிருக்கா, மலையாளத்துலயோ தெலுங்குலயோ கூட வருதா, தபால்ல அனுப்புவாங்களா, இவ்வளவு போதும். எங்களை மாதிரி பார்டர்ல இருக்குறவங்க, மூணாறு பக்கம், பாலக்காடு பக்கம், அந்தக் கோடியில ஆந்திராவுல சித்தூர் பக்கம் இருக்குற தமிழ்க் குடும்பம் எல்லாருக்கும் உதவும். தப்பு இருந்தா அதையும் எழுதுங்க, பதிப்பாளர் அடுத்த தடவை அச்சடிக்கிறப்போ திருத்துவார்.

பள்ளிக்கூடத்துக்கு ஓணம் லீவு விடுறப்போ தென்காசி போகலாம்னு ஐநூறு ரூபா எடுத்து வெச்சிருக்கேன். அதுக்குள்ள ஒரு வாரமாச்சும் போட்டீங்கன்னா அந்தத் துண்டைக் கத்தரிச்சு கையோட எடுத்துட்டுப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
குளத்துப்புழை, கொல்லம் மாவட்டம்