குலுக்காமல் ஜெயிக்கும் விளையாட்டு

அன்புள்ள செல்வி,

வடிவமைப்பு மாணவர்களுக்கு உயிருள்ள பொருளை விளையாட்டாகவே பழக்கப்போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. கொம்புச்சா ஏடும் (புளித்த தேநீரின் மேல் படரும் நுண்ணுயிர்ப் படலம்) காளான் இழையும் நல்லவைதான். ஆனால் விளையாட்டுக்கு நான் பைரோசிஸ்டிஸ் ஃப்யூசிஃபார்மிஸைத்தான் சொல்வேன். அசைத்தால் நீலமாக மின்னும் கடல் நுண்பாசி அது.

நீர் உரசும்போது செல்லுக்குள் அமிலத்தன்மை கூடி, லூசிஃபெரின் என்ற ஒளிரும் வேதிப்பொருள் மின்னுகிறது. அந்த இருப்பு தீர்ந்தால் ஒளி மங்கிவிடும். முழுதாக மீள நேரம் எடுக்கும். ஆகவே யார் குடுவை இன்று பளிச்சென்று மின்னுகிறது என்று போட்டி வைக்காதே, குலுக்கியே களைக்க வைத்துவிடுவார்கள். ஒரு வகுப்புக்கு ஐந்து மென்மையான சுழற்றல், அதற்கு மேல் இல்லை. நேற்றைவிட இன்று மங்காத குடுவைக்கே வெற்றி. ஒப்பிட, செல்பேசிக் கேமராவின் ஐஎஸ்ஓவையும் (ஒளி உணர்திறன்) ஷட்டர் நேரத்தையும் தினமும் ஒரே அளவில் வைக்கச் சொல்.

250 மி.லி. குடுவையில் 100 மி.லி. போதும், மூடி தளர்வாக இருக்கட்டும். கடல்நீரில் எஃப்/2 ஊட்டம் (பாசி வளர்க்கும் சத்துக் கலவை), அதில் சிலிக்கேட் வேண்டாம், அது சிலிக்கா ஓடுள்ள டயாட்டம் பாசிகளுக்குத்தான். 20 டிகிரியை ஒட்டிய வெப்பம், மிதமான எல்இடி, 12 மணி நேரம் ஒளி, 12 மணி நேரம் இருள். டைமரில் இரவு 10 முதல் காலை 10 வரை விளக்கு எரிந்தால், பிற்பகல் வகுப்பு அதற்கு நடுராத்திரி. இந்த மாற்றத்துக்குப் பழக ஒரு வாரமாவது விடு. இருட்டு நேரத்தில் ஒருவர் டார்ச் அடித்தாலும் ஒளி குன்றும்.

பெரும்பாலும் கெடுப்பது சோப்புதான். குடுவையைச் சோப்பில் கழுவாதே, வெந்நீர் போதும். காற்றுக்குழாயும் காந்தக் கலக்கியும் வேண்டாம்; ஓயாத அசைவு வளர்ச்சியையே தடுக்கும். நீர் பால்போல் கலங்கினால் பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம். அதனால் மாற்றாக ஒரு குடுவையை யாரும் தொடாமல் தனியே வை.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் ஒளிர்ந்ததை அள்ளி வரலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். அது நாக்டிலூக்கா என்ற வேறொரு ஒளிரும் கடல் நுண்ணுயிர். இரை பிடித்து உண்பது, விளக்கொளியை மட்டும் நம்பி வளர்க்க முடியாது.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை சமபங்கு புதிய ஊட்டம் சேர்த்து இரண்டாகப் பிரி. ஒரு பாதியை அடுத்த அணிக்குக் கொடுக்கட்டும், பெயரோடும் பராமரிப்புக் குறிப்போடும். மிஞ்சியதை ப்ளீச் ஊற்றிக் கொன்ற பிறகே கொட்டவேண்டும். அதையும் அவர்களே செய்யட்டும்.

முதல் பிரிப்பு முடிந்ததும் எழுது.

அன்புடன்,
மாலதி