பஞ்சில் விழும் துளி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஜெர்மனி மருத்துவமனைக்கு மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும், மதுரை நர்சிங் கல்லூரியும் கூப்பிடுகிறது, ஆண்டவர் எதைச் சொல்கிறார் என்றே தெரியவில்லை என்றாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

பைபிளைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துப் பார்க்காதே. மாதா படத்துக்கு முன்னால் சீட்டுப் போடவும் வேண்டாம். எந்த வசனம் வந்தாலும் மனசு தனக்கு வேண்டியபடிதான் அர்த்தம் பண்ணும். பிடிக்காத சீட்டு வந்தால் இன்னொரு தடவை குலுக்கத்தான் கை போகும்.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் காட்டிய வழி நிதானமானது. 1521-ல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, சொந்த ஊரான லொயோலாவில் படுத்துக் கிடந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். சீமாட்டி ஒருத்திக்காக வீரதீரம் செய்வதாகக் கற்பனை பண்ணினால் அப்போதைக்கு இனித்தது, பிறகு வெறுமை. புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்தால், நினைப்பு கலைந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. நீயும் பின்னால் தங்குவதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று நாள், ஜெர்மனி போவதென்று முடிவாகிவிட்டதாகவே வைத்துக்கொள். முதல் குளிர்காலம், வார்டில் புரியாத பேச்சு, மாதம் அனுப்பும் பணம், எல்லாவற்றையும் ஜெபத்தில் கொண்டுவா. அடுத்த மூன்று நாள் மதுரை. இப்படி இரண்டு சுற்று, பன்னிரண்டு நாள். இரவில் கால் மணி நேரம் உட்கார்ந்து நோட்டில் இரண்டே வரி எழுது: எது வந்தது, எது தங்கியது. நைட் டியூட்டி முடித்த கையோடு எழுதாதே. தூக்கமில்லாத அலுப்பு, ஜெபத்தில் மனசு ஒட்டாத ஆன்ம வறட்சி மாதிரியே தெரியும்.

நல்வழியில் நடப்பவருக்கு நல்ல தூண்டுதல் பஞ்சில் விழும் நீர்த்துளி போல மெதுவாக இறங்கும், தீயது கல்லில் விழுந்த துளியாகச் சத்தம் போட்டுத் தெறிக்கும் என்கிறார் இஞ்ஞாசியார். 'இன்றைக்கே சரி சொல், விட்டால் போச்சு' என்று நெஞ்சு படபடத்தால் அது கல்லில் விழுந்த துளி. முன்பு எடுத்த முடிவை வறட்சியான நாளில் மாற்றாதே என்பது அவருடைய கண்டிப்பான விதி. தியானம் முடிந்த உருக்கத்தில் அவசரமாக வாக்குக் கொடுப்பதற்கும் அவர் எச்சரிக்கை சொல்லியிருக்கிறார். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு ஒரு தாளில் நான்கு பத்தி: போனால் நன்மை, போனால் தீமை, இருந்தால் நன்மை, இருந்தால் தீமை. ஜெர்மன் படிக்க வாங்கிய கடனையும் எழுது, அதை ஜெபத்துக்கு வெளியே நிறுத்தாதே. எத்தனை வரி என்று எண்ணுவதில் பயனில்லை. எந்த வரி ஆண்டவரை நோக்கியது, எது அத்தை என்ன சொல்வாளோ என்ற பயம் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள். அப்போதும் தராசு முள் அசையாவிட்டால், முன்பின் தெரியாத ஒரு பெண் இதே கேள்வியோடு வந்தால் அவளுக்கு என்ன சொல்வாய் என்று பார். சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க ஆசைப்படுவாய் என்றும் பார்.

கல்யாணம், குருத்துவம் போன்றவை மாற்ற முடியாத தேர்வுகள். வேலை அப்படியல்ல, அதனால் அவ்வளவு பயம் வேண்டாம்.

முடிவு தெரிந்ததும் திருப்பலியில் ஒப்புக்கொடுத்து, ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் வைத்திரு. அமைதி நிலைத்தால் போதும், அதற்கு மேல் அடையாளம் கேட்காதே. தன் இயேசு சபையின் கோயில்களுக்கு நிலையான வருமானம் வேண்டுமா என்று 1544-ல் இஞ்ஞாசியாரே நாற்பது நாள் திருப்பலி வைத்து ஜெபித்தார். மேலும் மேலும் உறுதி தேடுவது தன் திருப்திக்காகத்தான் என்று கடைசியில் அவருக்கே புரிந்தது, நிறுத்திக்கொண்டார்.

இடையில் ஓர் ஆன்ம குருவைப் பார்த்து நோட்டைக் காட்டு. எங்களிடம் கேட்காதே. நீ மதுரையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. அது உன் தராசில் ஏறக்கூடாது.

வியாழனோடு நைட் டியூட்டி முடிகிறது என்றாயே. வெள்ளிக்கிழமை நன்றாகத் தூங்கி எழுந்து தொடங்கு. முதல் மூன்று நாள் ஜெர்மனி.

அன்புடன்,
அப்பா